கருவிப்பிழை

காலை எட்டரை.
புனலைத் தூக்கி, உள்ளே நிற்கும் நீரைக்
கண்ணாடிக் குடுவையில் ஊற்றி,
கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி
எண்ணை எழுதுவேன்.
பத்தொன்பது வருஷமாய் என் வேலையில் பாதி இது.
மீதிப் பாதி கொழுந்து எடைபோடுவது.
தேன்குன்று டிவிஷனின் வானம்
என் கையெழுத்தில்தான் கோயமுத்தூர் போகிறது.

அந்த எண்கள் ஒரு நாள் ஆய்வுக்கட்டுரை ஆயின.
பதினாலு பக்கம். வளைகோடுகள்.
கடைசியில் எறும்பு எழுத்தில் அடிக்குறிப்புகள்.
எழுதியவர் முனைவர் ஹெப்சிபா.
கோத்தகிரிக் கூட்டத்தில்
வல்லுநர் அதைத் தூக்கிக் காட்டித்தான் சொன்னார்:
"முப்பது வருஷத்தில் ஒரே நாளில்
நூற்றெண்பத்தாறு மில்லிமீட்டரைத் தாண்டியதில்லை.
இந்தச் சரிவு தாங்கும்.
லயத்தை மாற்ற வேண்டியதில்லை."

திரும்பும் வழியில் மச்சக்காளை சொன்னான்:
"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."
டீக்கடை மொய்தீன் சொன்னார்:
"காசு குடுத்தா மலையே இல்லேன்னும் எழுதுவாங்க."
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் பன்னை டீயில் முக்கினேன்.

அந்த வளைகோட்டில் மூன்று புள்ளிகள் பொய்.
நாத்தனார் பிரசவத்துக்கு மேட்டுப்பாளையம் போயிருந்தேன்.
அங்கே தூறிய தூறலைப் பார்த்து,
திரும்பி வந்து ஒரே உட்காரலில்
பன்னிரண்டு, ஏழு, பதினைந்து என்று போட்டேன்.
நல்ல பிள்ளைகள்போல
வரிசையில் நிற்கின்றன இன்னும்.

பதினோராம் அடிக்குறிப்பை
மகள் சுகிர்தா திணறித் திணறித் தமிழில் சொன்னாள்:
நவம்பர் ஒன்பது, முந்நூற்றுப் பன்னிரண்டு.
பக்கத்து நிலையங்களோடு பொருந்தவில்லை.
கருவிப்பிழை எனக் கருதி நீக்கப்பட்டது.

நவம்பர் ஒன்பது!
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நள்ளிரவில் ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை,
விடிந்து ஒரு முறை அளந்தேன்.
ஓடை கோழிக்கூட்டைக் கொண்டுபோனது.
காட்டுமாடு ஒன்று பயந்துபோய்
லயத்துச் சுவரோடு ஒட்டி நின்றது, நனைந்த சாக்குமாதிரி.

பொய் தங்கிவிட்டது, ஊரோடு ஒத்துப்போனதால்.
மெய் போய்விட்டது. அதற்குச் சாயல் இல்லை.

யாரைத் திட்டுவது?
நீக்கியவர் நீக்கியதை மறைக்கவில்லை.
அந்த எறும்பு எழுத்து இல்லாவிட்டால்
தொலைந்தது என்று எனக்கே தெரிந்திருக்காது.
வல்லுநர்தான் அடிக்குறிப்பு வரை இறங்கவில்லை.
அவர் குடியிருப்பது சமவெளியில்.

கடிதம் போட்டேன், தமிழில்.
பதினெட்டாம் நாள் பதில் வந்தது.
மன்னிப்பு இல்லை. மறுப்பும் இல்லை.
"அந்த மாதத்தின் மூலப் பதிவேட்டை
முழுசாக நகலெடுத்து அனுப்ப முடியுமா?
தவறாக நீக்கியிருந்தால்
நான் திருத்தம் வெளியிட வேண்டும்."

முழுசாக.
ஒன்பதாம் தேதி இருக்கும் அதே பக்கத்தில்தான்
இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநாலு.
ஒரே நீலம், ஒரே சாய்வு.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.
அதைப் பார்த்த கண் இதை நம்புமா?

ஜெராக்ஸ் கடைப் பையன் கேட்டான்:
"பாதிப் பக்கம் போதுமாக்கா?"
கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது.
முழுசையும் கொடுத்தேன்.
பச்சை வெளிச்சம் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போனது.
நகலின் மேல் எழுதினேன்:
இந்த மூன்று நாள் நான் ஊரில் இல்லை, அடித்துவிடவும்.
ஒன்பதாம் தேதி இருந்தேன்.

பதில் இன்னும் வரவில்லை.
ஐப்பசி வந்துவிட்டது.
மச்சக்காளை வீட்டுப் பின்சுவர் விரிசலில்
ஐந்து ரூபாய்க் காசு இப்போது நுழைகிறது.

இன்று காலை எட்டரை.
புனலில் ஒரு சீகைப்பூ.
குடுவையின் அடியில் கோட்டைத் தொடாத நீர்.
பூஜ்யம் போடப் போன கை நின்றது.
"ஈரம் உண்டு. அளவில் ஏறவில்லை"
என்று எழுதினேன்.